கர்ப்ப ஆட்சியும் குடும்பக் கட்டுப்பாடும்: மகப்பேற்றுக்குப் பிந்தைய கருத்தடைத் தேர்வின் வரலாறு – பெங்களூரை முன்வைத்து

பிள்ளை பெற்ற பெண்ணைத் தமிழர் 'பச்சை உடம்புக்காரி' என்பர். காயாத புண்ணும் தேறாத உடலும் அச்சொல்லில் அடங்கும். கன்னடத்தில் அவள் 'பாணந்தி'; அவளைப் பேணும் காலம் 'பாணந்தன'. உணவு, குளியல், படுக்கை, வெளிச்செலவு ஆகிய அனைத்திலும் அவளுக்கென்று தனி விதிகளை இவ்விரு மொழிச் சமூகங்களும் வகுத்திருந்தன. இருபதாம் நூற்றாண்டில் இவ்விதிகளோடு புதிய வினா ஒன்று வந்து சேர்ந்தது. அடுத்த கருவை எவ்வாறு தள்ளிப்போடுவது, அல்லது எவ்வாறு முற்றிலும் நிறுத்துவது என்பதே அவ்வினா. பச்சை உடம்புக்காரியிடம் அவ்வினாவை எழுப்பியவர் யார், எப்போது எழுப்பினர், விடையாக எத்தனை வழிகளை முன்வைத்தனர் என்பவை வரலாற்றுக்குரிய செய்திகள். தமிழும் கன்னடமும் ஒரே மருத்துவமனைக் கூடத்தில் ஒலிக்கும் பெங்களூர், இவ்வரலாற்றை ஆராய்வதற்கு மிகவும் பொருத்தமான நகரம்.

1930: மைசூர் ஆணை

நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அரசராகவும் மிர்சா இஸ்மாயில் திவானாகவும் இருந்த காலத்தில், 1930 ஜூன் 11 அன்று மைசூர் அரசு தன் மருத்துவமனைகளில் கருத்தடை நிலையங்களைத் தொடங்க ஆணையிட்டது. ஓர் அரசே நேரடியாகத் தொடங்கிய உலகின் முதல் கருத்தடை நிலையங்கள் இவை என மக்கள்தொகை நூல்கள் பலவும் குறிக்கின்றன. இதற்குமுன் இத்துறை தனியார் முயற்சியாகவே இருந்தது. 1921இல் பம்பாயில் ஆர். டி. கார்வே தொடங்கிய நிலையமும் அத்தகையதே.

பிரித்தானிய நலத்துறை தன் உள்ளாட்சி அமைப்புகளுக்கு இது குறித்த சுற்றறிக்கையை அனுப்பியது அதே ஆண்டு ஜூலை மாதத்தில்தான். தாய்சேய் நல நிலையங்களுக்கு வரும் மணமான பெண்களுக்கு, இன்னொரு கர்ப்பம் உடல்நலத்தைக் கெடுக்கும் என்ற நிலையில் மட்டும் கருத்தடை அறிவுரை வழங்கலாம் என்பது அச்சுற்றறிக்கையின் சாரம். எனவே, குடியேற்ற ஆட்சியின் கீழிருந்த ஒரு சமஸ்தானம் இவ்வொரு செய்தியில் இலண்டனுக்குச் சில வாரங்கள் முந்திக்கொண்டது. இந்த முந்துதலைப் பெரிதும் போற்றுவோர் உண்டு. எனினும் ஓர் ஆணை பிறப்பதும் அது ஒரு தாயின் வாழ்வை மாற்றுவதும் வேறு வேறு.

அன்றைய பெங்களூர் இரண்டு நகரங்களாக இருந்தது என்பதையும் கருத வேண்டும். கோட்டையையும் பேட்டையையும் சூழ்ந்த நகரம் மைசூர் அரசுக்குரியது. தமிழர் பெருந்தொகையாக வாழ்ந்த கண்டோன்மென்ட் பகுதியோ 1881 முதல் 1947 வரை பிரித்தானிய நேரடி நிருவாகத்தில் இருந்தது. வடஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் படையைத் தொடர்ந்து வந்து குடியேறிய கூலித் தொழிலாளர், வணிகர், சமையற்காரர், ஆயாமார் ஆகியோரின் குடும்பங்கள் இங்கு வாழ்ந்தன. மைசூர் அரசின் ஆணை அவர்கள் தெருவுக்குச் சட்டப்படி பொருந்தாது. பௌரிங் மருத்துவமனை ஓர் ஆட்சியிலும் விக்டோரியா மருத்துவமனை மற்றோர் ஆட்சியிலும் இருந்தன. 1935இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமெனத் திறக்கப்பட்ட வாணி விலாஸ் மருத்துவமனை, அரசரின் அன்னையாரும் முன்னாள் ஆட்சிப் பொறுப்பாளருமான மகாராணியாரின் பெயரைத் தாங்கி நகரின் பெரிய பிள்ளைப்பேற்று இல்லமாக வளர்ந்தது.

அந்நிலையங்கள் எதை வழங்கியிருக்க முடியும்? 1930களில் மருத்துவர் பரிந்துரைத்த முதன்மைக் கருவி, கருப்பை வாயை மூடும் இரப்பர் மூடி. அதனுடன் களிம்பும் நுரைப்பொடியும் வழங்கப்பட்டன. இரப்பர் மூடியின் அளவைப் பெண் மருத்துவர் ஒருவர் உடலைச் சோதித்தே உறுதிசெய்ய வேண்டும். பிள்ளை பெற்ற உடல் தன் நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆகும் ஆதலால், அதுவரை இம்மூடி பயன்படாது; முன்பு பயன்படுத்தியவளுக்கும் புதிதாக அளவெடுக்க வேண்டும். இவற்றோடு தனியறை, தண்ணீர், கருவியைக் கழுவி மறைத்து வைக்க ஓரிடம் ஆகியவையும் தேவை. ஒற்றை அறையில் மாமியார், கொழுந்தன், மூத்த பிள்ளைகள் ஆகியோருடன் வாழ்ந்த பெண்ணுக்கு இக்கருவி எட்டாக்கனியாகவே இருந்திருக்கும். முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீட்டின் அமைப்பையும் சார்ந்தது என்பதை அக்கால அறிவுரை நூல்கள் அதிகம் எண்ணிப்பார்க்கவில்லை.

'ஆட்சி' என்ற சொல்

மைசூர் அரசு ஆணை பிறப்பித்த காலத்தில் தமிழகத்தில் இதே பொருள் வேறொரு தளத்தில் பேசப்பட்டது. சென்னையில் இதற்கு முன்வரலாறு உண்டு. 1880களிலேயே மால்தசின் கொள்கையைப் பரப்பும் அமைப்பொன்று அங்குத் தோன்றியது. 1920களின் இறுதியில் உருவான புதுமால்தசியச் சங்கத்தில் நீதிபதி வேப்பா ராமேசம் போன்ற உயர்குடியினர் பங்கேற்றனர். கருத்தடை பற்றிய சிறுநூலை வெளியிட்டதற்காக 1877இல் இலண்டனில் வழக்கைச் சந்தித்த அன்னி பெசன்ட், பின்னர்ப் பிரம்மஞானியாகித் தம் பழைய கருத்தைக் கைவிட்டபின் அடையாற்றில் வாழ்ந்தார் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு விந்தை. சென்னைச் சங்கத்தினரின் வாதம் பெரும்பாலும் வறுமை, மக்கட்பெருக்கம், தாயின் உடல்நலம் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தது.

பெரியார் ஈ. வெ. இராமசாமி இவ்வாதத்திலிருந்து தம்மைத் தெளிவாகப் பிரித்துக்கொண்டார். மற்றவர்கள் தாயின் உடல்நலம், குழந்தைகளின் வளர்ச்சி, நாட்டின் வறுமை, குடும்பச் சொத்து ஆகியவற்றைக் கருதிக் கருத்தடையை வேண்டுகின்றனர் என்றும், தாம் வேண்டுவது பெண்கள் விடுதலை பெறவும் தன்னுரிமையோடு வாழவுமே என்றும் அவர் வேறுபடுத்தினார். இவ்வேறுபாடு 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலின் கர்ப்பத்தடை பற்றிய இயலில் வெளிப்படையாக உள்ளது. 1936இல் குடிஅரசுப் பதிப்பகம் இப்பொருள் குறித்து வெளியிட்ட நூலின் பெயர் 'கர்ப்ப ஆட்சி'. பாரதிதாசனும் இக்கருத்தைக் கவிதையாக்கினார். இந்திய மொழிகளிலேயே கருத்தடையை ஆதரித்துப் பாடிய முதற்கவிஞர்களுள் ஒருவராக அவரைத் தமிழுலகம் கொண்டாடுகிறது.

'கர்ப்ப ஆட்சி' என்ற பெயர் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் 'பர்த் கன்ட்ரோல்' எனப்பட்டதன் தமிழாக்கம் அது. 'கன்ட்ரோல்' என்னும் சொல்லுக்கு 'ஆட்சி' என்று நிகர் கொண்டால், ஆளுபவர் யார் என்ற வினா உடன் எழுகிறது. சுயமரியாதை இயக்கத்தின் விடை, கருவைச் சுமப்பவளே ஆள வேண்டும் என்பது. பின்னாளில் அரசுத் திட்டம் தமிழுக்கு வந்தபோது அதே ஆங்கிலச் சொல்லின் நிழல் 'கட்டுப்பாடு' என்று மாறியது. இந்தியிலும் கன்னடத்திலும் இத்திட்டத்தின் பெயர் திட்டமிடலையே குறிக்கிறது. கன்னடத்தில் அது 'குடும்ப யோஜனெ'. இலங்கைத் தமிழிலும் 'குடும்பத் திட்டமிடல்' என்பதே வழக்கு. தமிழகத்திலும், தமிழகத்து வழக்கைப் பின்பற்றிய பெங்களூர்த் தமிழரிடையேயும் 'குடும்பக் கட்டுப்பாடு' நிலைத்தது. 'கர்ப்பம்' நீங்கிக் 'குடும்பம்' வந்தது. 'ஆட்சி' நீங்கிக் 'கட்டுப்பாடு' வந்தது. இம்மாற்றத்தை யாரும் திட்டமிட்டுச் செய்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் பின்னர் நடந்தவற்றோடு இச்சொல் மிகப் பொருந்திப்போயிற்று. நெருக்கடிநிலைக்குப் பின் 1977இல் நடுவண் அரசு 'குடும்ப நலம்' என்று பெயரை மாற்றியது. 'குடும்ப நல அறுவை சிகிச்சை' என்ற தொடர் படிவங்களிலும் சுவர்களிலும் இடம்பெற்றபோதிலும் மக்கள் நாவில் பழைய பெயரே நின்றது.

மணிமாலையும் பாலூட்டும் தாயும்

விடுதலைக்குப்பின் பெங்களூர் வட்டாரம் மீண்டும் ஒரு முதல் முயற்சியின் களமாயிற்று. நலத்துறை அமைச்சர் இராஜகுமாரி அம்ரித் கௌர் காந்தியடிகளின் வழியினர். கருவிகளையும் மருந்துகளையும் விரும்பாதவர். 1935 டிசம்பரில் வார்தாவில் மார்கரெட் சாங்கருடன் உரையாடியபோது காந்தியடிகள் புலனடக்கத்தையே வற்புறுத்தினார் என்பதும், கருவுறா நாள்களில் கூடும் முறையை மட்டும் கருவிகளைவிடக் குறைந்த தீமையாகக் கருதினார் என்பதும் அறியப்பட்டவை. அமைச்சரின் வேண்டுகோளின்படி உலக நலவாழ்வு நிறுவனம் மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோனை அனுப்பியது. நாள்கணக்கு முறையைச் சோதிக்கத் தில்லியின் லோதி குடியிருப்பும், பெங்களூருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராமநகரமும் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஆண்டு 1952. முதல் ஐந்தாண்டுத் திட்டம் குடும்பத் திட்டத்துக்கு 65 இலட்சம் ரூபாயை ஒதுக்கிய காலம் அது.

எழுத்தறியாப் பெண்கள் நாள்களைக் கணக்கிட மணிமாலை உருவாக்கப்பட்டது. பாதுகாப்பான நாளுக்கு ஒரு நிறம், கருவுறக்கூடிய நாளுக்கு வேறு நிறம். நாளுக்கு ஒரு மணியாக நகர்த்த வேண்டும். இருட்டில் நிறம் தெரியவில்லை என்பதால் மணிகளின் வடிவமும் வேறுபடுத்தப்பட்டது. கற்க விரும்பியோர் பலர். தொடர்ந்து கடைப்பிடித்தோர் மிகச் சிலர். இம்முயற்சியைப் பற்றிய கேலிக் கதைகள் நூல்தோறும் காணப்படுகின்றன. கிராமத்துப் பெண்ணின் அறியாமையே தோல்விக்குக் காரணம் என்னும் தொனியும் அவற்றில் உண்டு. இத்தொனி ஏற்கத்தக்கதன்று.

இம்முறையின் அடிப்படைக் குறை வேறிடத்தில் இருந்தது. நாள்கணக்கு முறைக்கு ஒழுங்கான மாதவிலக்கு வேண்டும். அக்காலத்துச் சிற்றூர்ப் பெண் தன் இளமையின் பெரும்பகுதியைக் கருவுற்றும் பாலூட்டியுமே கழித்தாள். பாலூட்டும் மாதங்களில் விலக்கு வருவதில்லை. வந்தாலும் ஒழுங்கற்று வரும். முதல் விலக்குக்கு முன்பே கருமுட்டை வெளிப்படலாம் ஆதலால், விலக்கு வந்தபின் எண்ணத் தொடங்கலாம் என்று காத்திருந்தவள் விலக்கைக் காணாமலே மீண்டும் கருவுறக்கூடும். அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போட வேண்டிய தேவை யாருக்கு மிகுதியோ, அவளுக்கே இம்மாலை பயன்படவில்லை. மாலையைச் செய்தோர் கணக்கில் கொண்ட பெண், பச்சை உடம்புக்காரி அல்லள்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1951–52இல், ஐக்கிய நாடுகள் அவையும் இந்திய அரசும் இணைந்து மைசூர் மக்கள்தொகை ஆய்வை நடத்தின. பெங்களூர் நகரமும் சுற்றுப்புறச் சிற்றூர்களும் அதன் களங்கள். 1961இல் வெளியான அதன் அறிக்கை, பிள்ளைகளின் எண்ணிக்கையை வரையறுக்கும் விருப்பம் மக்களிடையே கணிசமாக இருந்ததையும், கருத்தடை முறைகளின் பயன்பாடு அரிதாக இருந்ததையும் காட்டியது. மக்களுக்கு விருப்பமில்லை என்ற அரசியல் பேச்சு இவ்வறிக்கைக்குப் பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தது.

மரபில் இடைவெளி இல்லாமலில்லை. நெடுநாள் பாலூட்டலே முதன்மையான தடை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற பெண் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்தவீடு திரும்பும் வழக்கம் கணவனையும் மனைவியையும் பிரித்துவைத்தது. ஜான் கால்டுவெல், பி. எச். ரெட்டி, பேட் கால்டுவெல் ஆகியோர் 1979 முதல் கர்நாடகச் சிற்றூர்களில் தங்கி நிகழ்த்திய ஆய்வு, பிள்ளைப்பேற்றுக்குப் பின் கூடாதிருக்கும் காலம் குறுகி வந்ததையும், பேரப்பிள்ளை பிறந்தபின் பிள்ளை பெறுவது நாணத்துக்குரியதாகக் கருதப்பட்டதையும் பதிவு செய்தது. முழுப் பாலூட்டலின் காப்பாற்றலை அறிவியல் உலகம் வரையறுத்தது இதற்குப் பின்னரே. 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய அறிஞர்கள், வேறு உணவு தராமல் பாலூட்டி, விலக்கும் வராதிருந்தால், முதல் ஆறு மாதங்களில் 98 விழுக்காட்டுக்கு மேல் காப்பு உண்டு என்று உடன்பட்டனர். இம்மூன்று நிபந்தனைகளுள் ஒன்று தவறினாலும் காப்பு குறையும். பால் கொடுக்கும் வரை கரு நிற்காது என்னும் மூதாட்டியரின் கூற்று, அவ்வாறாயின், அரை உண்மை. ஆறு மாதத்துக்கு உண்மை, அதன்பின் ஐயத்துக்குரியது. பாலே கொடுக்காத தாய்க்கோ நான்கு வாரங்களிலேயே கருமுட்டை வெளிப்படக்கூடும்.

பிள்ளைப்பேற்றுக் கூடமே அறுவைக் கூடமாதல்

1965இல் லிப்பஸ் லூப் என்னும் வளையம் நாடெங்கும் பரப்பப்பட்டது. 1966–67இல் ஏறத்தாழ 9 இலட்சம் பெண்களுக்கு அது பொருத்தப்பட்டதாகக் கணக்கு. உதிரப்போக்கும் வலியும், பொருத்தியபின் கவனிப்பாரின்மையும் அதன் பெயரைக் கெடுத்தன. சென்னை மாநிலத்தில் 1950களின் இறுதியிலிருந்தே, 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்து பின்னர்த் தலைமைச் செயலராகிய ஆர். ஏ. கோபாலசாமியின் முனைப்பில், ஈட்டுத்தொகை தந்து அறுவை செய்யும் முறை தொடங்கியிருந்தது. அதில் பெரும்பான்மையோர் ஆண்கள் என்பது இன்றைய தலைமுறைக்கு வியப்பளிக்கும்.

மகப்பேறு நிகழும் மருத்துவமனையையே கருத்தடையின் களமாக்கும் எண்ணம் 1960களின் நடுவில் அமெரிக்க மக்கள்தொகைக் குழுவின் முயற்சியால் உலகளவில் பரவியது. இந்திய அரசு 1969இல் மருத்துவமனை சார்ந்த மகப்பேற்றுப்பின் திட்டத்தைத் தொடங்கியது. இதன் மருத்துவ ஏரணம் வலிமையானது. பிள்ளை பிறந்தவுடன் கருப்பையின் மேல்முனை கொப்பூழ் அளவில் நிற்கும். கொப்பூழுக்குக் கீழே சிறு வெட்டு ஒன்றின் வழியே கருக்குழல்களை எளிதில் எட்டலாம். 7 நாள்களுக்குள் செய்யவேண்டிய இவ்வறுவைக்கு அவள் மீண்டும் மருத்துவமனைக்கு வரவேண்டியதில்லை. கூலி இழப்பு இல்லை. வீட்டில் சமைக்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் ஆள் ஏற்கெனவே அமர்த்தப்பட்டிருக்கும். ஏழைத் தாய்க்கு இவை சிறிய வசதிகள் அல்ல.

ஆனால் அதே ஏரணத்தில் ஓர் ஆபத்தும் உறைந்திருந்தது. இந்தியாவில் 1971இல் பிறந்த குழந்தைகளுள் ஆயிரத்துக்கு 129 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இரண்டு நாள் குழந்தையை மடியில் வைத்திருப்பவளிடம், இனிப் பிள்ளை வேண்டாம் என்று கையொப்பமிடக் கேட்பது, அக்குழந்தை பிழைக்கும் என்னும் உறுதியை அவளுக்குத் தரமுடியாத ஒரு சமூகத்தின் கோரிக்கை. வயதில் மூத்த, பல பிள்ளைகள் பெற்ற பெண்களே தொடக்கத்தில் மிகுதியாக முன்வந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

நெருக்கடிநிலைக் காலம் இப்போக்கை அறுதியாக மாற்றியது. 1976–77இல் நாடு முழுவதும் நடந்த 82 இலட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகளுள் நான்கில் மூன்று பங்கு ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. மறு ஆண்டில் மொத்த எண்ணிக்கை 10 இலட்சத்துக்கும் கீழே விழுந்தது. ஆண்களின் சினம் ஓர் ஆட்சியைக் கவிழ்த்தது எனக் கண்ட அரசியலாளர், அதன்பின் ஆண்களை அணுக அஞ்சினர். சுமை பெண்ணின் மேல் வந்து நின்றது. அவள் எளிதில் கிடைக்கும் இடமோ பிள்ளைப்பேற்றுக் கூடம்.

கர்நாடகத்தில் இதற்கான கட்டமைப்பு பிற மாநிலங்களைவிட விரைவாக வளர்ந்தது. 1973இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தொடங்கிய முதல் இந்திய மக்கள்தொகைத் திட்டம் உத்தரப்பிரதேசத்தின் சில மாவட்டங்களோடு கர்நாடகத்தின் பெங்களூர்ப் பகுதி மாவட்டங்களையும் தேர்ந்தது. பெங்களூரில் மக்கள்தொகை மையம் அமைந்ததும் அதன் விளைவு. 1990களில் எட்டாம் திட்டம் பெங்களூர்ச் சேரிகளில் நல மையங்களையும் மகப்பேற்று மனைகளையும் உருவாக்கியது. தமிழ், தெலுங்கு, உருது பேசும் தொழிலாளர் குடும்பங்கள் மிகுதியாக வாழும் பகுதிகள் அவை.

இடையில் இல்லாத வழிகள்

ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடைவெளி மட்டும் வேண்டிய தாய்க்கு 1980களில் அரசு மருத்துவமனை தந்தவை யாவை? நிரோத் 1968 முதல் கிடைத்தது. அது கணவனின் இசைவைப் பொறுத்தது. மாலா-என் மாத்திரை இலவசம், மாலா-டி மலிவு. இரண்டும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கூட்டு மாத்திரைகள். ஈஸ்ட்ரோஜன் பால் சுரப்பைக் குறைக்கக்கூடும். பிள்ளைப்பேற்றை ஒட்டிய வாரங்களில் இரத்தம் உறையும் ஆபத்தையும் கூட்டும். எனவே பாலூட்டும் தாய் முதல் 6 வாரங்களில் இவ்வகை மாத்திரையை உண்ணவே கூடாது. 6 மாதம் வரை பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்பதே மருத்துவ நெறி. புரோஜெஸ்டோஜன் மட்டும் கொண்ட மாத்திரை பாலூட்டுவோர்க்கு ஏற்றதெனினும் அரசு திட்டத்தின் இலவசப் பையில் அது இல்லை. அரசு கையில் வைத்திருந்த மாத்திரை, அரசு மருத்துவமனையில் மிகுதியாகக் கூடியிருந்த பெண்களுக்கே பொருந்தாத ஒன்று. எஞ்சியவை காப்பர்-டியும் அறுவையும்.

ஊசிமருந்து ஒரு வழியாக வந்திருக்கலாம். 1980களில் ஆந்திரத்தில் நடந்த சோதனையில் பெண்களுக்குப் போதிய விளக்கம் தரப்படவில்லை எனக் கண்ட பெண்கள் அமைப்புகள் 1986இல் உச்ச நீதிமன்றத்தை நாடின. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி 'அந்தரா' என்ற பெயரில் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது 2016–17 அளவில்தான். இலக்னோவின் நடுவண் மருந்தாய்வு நிறுவனம் உருவாக்கி 1991இல் 'சஹேலி'யாக விற்பனைக்கு வந்த ஹார்மோன் அல்லாத மாத்திரை, அதே காலத்தில் 'சாயா' என்னும் பெயரில் பரவலாக வழங்கப்பட்டது. பாலூட்டுவோர் இதை உண்ணலாம். முப்பது ஆண்டுக் காலத் தாமதத்துக்குப் பெண்கள் அமைப்புகளைக் குறைகூறுவோர் உண்டு. இசைவு கேட்கும் பழக்கமே இல்லாத ஒரு மருத்துவ அமைப்பிடம், திரும்பப் பெறமுடியாத ஓர் ஊசியை ஒப்படைக்க அவர்கள் தயங்கியது நியாயமானதே. ஆயினும் அத்தயக்கத்தின் விலையைக் கொடுத்தவர்களும் பெண்களே என்பதை மறுக்கவியலாது.

இலக்கு முறை 1996இல் நாடு முழுவதும் கைவிடப்பட்டது. அதற்குமுன் செவிலியர்க்கும் மருத்துவர்க்கும் மாதந்தோறும் எண்ணிக்கை விதிக்கப்பட்டிருந்தது. அக்கால மருத்துவமனைகளின் உள்நிலையை அறிய, செசிலியா வான் ஹோலன் 1990களில் சென்னையில் களப்பணி செய்து 2003இல் வெளியிட்ட நூல் துணைபுரிகிறது. சென்னை அரசு மருத்துவமனைகளில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு அவர்களின் தெளிந்த இசைவின்றியே காப்பர்-டி பொருத்தப்பட்டதை அது பதிவு செய்கிறது. வீடு திரும்பியபின் உதிரப்போக்கோ வலியோ கண்டு வேறு மருத்துவரிடம் சென்றபோதுதான் தன்னுள் அது இருப்பதை அறிந்த பெண்ணின் நிலை எண்ணத்தக்கது. 48 மணி நேரத்துக்குள் பொருத்தினால் பாதுகாப்பானதும், பாலைப் பாதிக்காததும், வேண்டியபோது எடுக்கத்தக்கதுமான நல்லதொரு முறை, இசைவின்றிச் செய்யப்பட்டதாலேயே அச்சத்துக்குரியதாயிற்று. பின்னர் 2010களில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களுடன் இதே முறையை அரசு மீண்டும் பரப்ப முயன்றபோது அப்பழைய அச்சம் எதிரே நின்றது.

2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, கர்நாடகத்திலும் தமிழகத்திலும் மணமான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 57 பேர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. 1930இல் முதல் அரசு நிலையங்களைக் கண்ட மண்ணும், 1936இல் 'கர்ப்ப ஆட்சி' அச்சேறிய மண்ணும் ஒரே எண்ணில் வந்து சந்திக்கின்றன. இவ்வெண்ணை வெற்றியாகக் காண்போர், மகப்பேற்று இறப்பு குறைந்ததையும் பெண்களே விரும்பிக் கேட்பதையும் சுட்டுவர். அது பொய்யன்று. மாமியாரின் வற்புறுத்தலையும் கணவனின் அலட்சியத்தையும் ஒரே நாளில் முடிவுக்குக் கொண்டுவரும் வழியாக அறுவையைப் பல பெண்கள் கண்டனர். அதன்பின் யாரையும் கேட்கவேண்டியதில்லை. மற்ற வழிகள் கையில் இருந்திருந்தால் எத்தனை பேர் இதையே தேர்ந்திருப்பர் என்பதை மட்டும் இவ்வெண் சொல்லாது.

இன்றைய விதிகளின்படி அறுவைக்கான இசைவைப் பேற்றுவலியின்போதோ மயக்கநிலையிலோ பெறலாகாது. கருவுற்ற காலச் சோதனைகளின்போதே எல்லா முறைகளையும் எடுத்துக்கூறிப் பெண்ணின் முடிவைக் குறித்துவைக்க வேண்டும். 2016இல் உச்ச நீதிமன்றம், அறுவை முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தவும், விளக்கம் பெண்ணின் மொழியில் அமைவதை உறுதிசெய்யவும் பணித்தது. பெங்களூர் போன்ற நகரில் பெண்ணின் மொழி எது என்பது எளிய வினா அன்று. படிவம் கன்னடத்தில், மருத்துவரின் உரையாடல் ஆங்கிலத்தில், செவிலியின் விளக்கம் கலப்பு மொழியில் அமைய, தாய் தமிழில் எண்ணுகிறாள்.

அவள் தமிழில் எண்ணுவதை அவள் பேச்சு காட்டிக்கொடுக்கிறது. 'ஆபரேஷன்' என்று அடைமொழியின்றிச் சொன்னால் அது கருத்தடை அறுவையையே குறிக்கும் அளவுக்கு அச்சொல் வீட்டுச்சொல்லாகிவிட்டது. அதைச் சொல்லும்போது 'ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்' என்பாள். 'கொள்' என்னும் துணைவினை செயலின் பயனையும் பொறுப்பையும் தன்மேல் ஏற்றுகிறது. வளையத்தைப் பற்றிப் பேசும்போதோ 'காப்பர்-டி வச்சுட்டாங்க' என்பதே பெருவழக்கு. எழுவாய் இல்லை, வைத்தவர் யார் என்பது படர்க்கைப் பலர்பால் விகுதிக்குள் மறைந்திருக்கிறது.